இறந்த பிறகு கிடைக்கும் மேடை: விலாஸ் கோக்ரேயும் பின்னலாடை நகரத்தின் பறைக் கலைஞர்களும்

மும்பை காட்கோபர் பகுதியிலுள்ள ரமாபாய் அம்பேத்கர் நகரில், 1997 ஜூலை 11 அன்று காலை அண்ணல் அம்பேத்கரின் சிலை செருப்பு மாலையுடன் காணப்பட்டது. அந்த இழிவைக் கண்டித்துத் திரண்ட மக்கள்மீது மாநில ரிசர்வ் காவல் படையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். 10 பேர் கொல்லப்பட்டனர். நான்கு நாள்களுக்குப் பின், ஜூலை 15 அன்று, விலாஸ் கோக்ரே என்னும் தலித் நாட்டுப்புறப் பாடகர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அன்று அவர் பெயர் மும்பையின் குடிசைப் பகுதிகளிலும் இடதுசாரி இயக்கக் கூட்டங்களிலும் மட்டுமே அறியப்பட்டிருந்தது. இன்று அது உலகெங்கும் ஆவணப்பட விழாக்களிலும் பல்கலைக்கழக வகுப்பறைகளிலும் உச்சரிக்கப்படுகிறது. வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கிட்டாத மேடை மரணத்திற்குப் பின் அமைந்தது. இதனைக் காலம் வழங்கிய நீதி என்று கூறுவோர் உண்டு. நீதி எனில் அது யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வியை எழுப்ப வேண்டியிருக்கிறது. திருப்பூர் பின்னலாடை வட்டாரத்தில் பகலில் தையல் இயந்திரத்தின் முன்னும் இரவில் பறையுடனும் வாழும் கலைஞர்களின் எதிர்காலம் அந்தக் கேள்வியோடு பிணைந்துள்ளது.

சிவப்புக்கும் நீலத்திற்கும் இடையில்

மராத்தி மண்ணில் மக்கள் நடுவே நின்று பாட்டாகக் கதை சொல்லும் கலைஞரை 'ஷாஹிர்' என்பர். அரசர்களின் வீரத்தைப் பாடப் பயன்பட்ட அந்த வடிவத்தை, இருபதாம் நூற்றாண்டில் அம்பேத்கர் இயக்கத்தினரும் பொதுவுடைமையரும் உழைப்போரின் வாழ்வைப் பாடுவதற்கு மாற்றினர். அந்த மரபில் வந்தவர் கோக்ரே. 'ஆவாஹன் நாட்டிய மஞ்ச்' என்னும் இடதுசாரிக் கலைக்குழுவில் அவர் பாடினார். ஆனந்த் பட்வர்தன் 1985இல் வெளியிட்ட 'ஹமாரா ஷஹர்' ஆவணப்படம் பம்பாயின் குடிசைகள் இடிக்கப்பட்டதைப் பற்றியது. அப்படத்தில் கோக்ரேயின் பாடல் இடம்பெற்றது. பார்த்தவர்களின் நெஞ்சில் அக்குரல் தங்கியது. பாடியவர் யார் என்று தேடியவர்கள் மிகச் சிலரே.

தம் இறுதிக் காலத்தில் கோக்ரே தாம் சார்ந்திருந்த குழுவிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். செங்கொடியின் கீழ் வாழ்நாளெல்லாம் பாடியவர், இறக்கும்போது தலையில் நீலத் துணியைக் கட்டியிருந்தார். சுடப்பட்டவர்கள் தம் மக்கள் என்பதை அந்த நிறம் அறிவித்தது. வர்க்கம், சாதி என்னும் இரண்டு மொழிகளையும் தம் பாட்டில் இணைத்த ஒருவருக்கு, இரண்டும் இணைந்த ஓர் அமைப்பை நம் அரசியல் உருவாக்கித் தரவில்லை. அவருடைய துயரத்தைத் தனிமனித மனச்சோர்வாகச் சுருக்குவோர் இந்த உண்மையைக் கடந்துசெல்கின்றனர்.

அதே நேரத்தில், அவருடைய முடிவைத் தியாகம் என்று போற்றுவதும் தவறே. தற்கொலை ஒரு போராட்ட வடிவமன்று. தலித் மாணவர்களையும் கலைஞர்களையும் தொடர்ந்து இழந்துவரும் ஒரு சமூகம், அந்த இழப்புகளை வீரமாக்கினால் அடுத்த இழப்புக்கும் தன்னைத் தயார்செய்துகொள்ளும். கோக்ரேயிடமிருந்து நாம் பெற வேண்டியவை அவருடைய பாடல்களும், அவரைத் தனிமைக்குத் தள்ளிய சூழலைப் பற்றிய அறிவும்தான்.

பட்வர்தன் அந்த அறிவைத் தேடிப் புறப்பட்டார். 14 ஆண்டு காலப் படப்பிடிப்புக்குப் பின் 2011இல் 'ஜெய் பீம் காம்ரேட்' உருவானது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அப்படம் கோக்ரேயின் மரணத்திலிருந்து தொடங்கி, ரமாபாய் நகர் வழக்கு, 2006இல் நிகழ்ந்த கயர்லாஞ்சிப் படுகொலை, இளம் தலித் பாடகர்களின் எழுச்சி ஆகியவற்றைத் தொடர்கிறது. துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்ட காவல் அதிகாரி மனோகர் கதமுக்கு 2009இல் அமர்வு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. இறந்த பாடகர் உலகப் புகழ் பெற்றார். அவர் எந்தச் சாவுகளுக்காக அழுதாரோ அந்தச் சாவுகளுக்கான நீதி பாதி வழியில் நின்றது. மரணத்திற்குப் பிந்தைய புகழின் முதல் இயல்பு இதுதான். அது குரலைக் காப்பாற்றுகிறது. குரல் எழுப்பிய கோரிக்கையைக் காப்பாற்றுவதில்லை.

ஆலைகளின் நகரம் வளர்த்த பாட்டு

கோக்ரேக்கு முன்னோடி ஒருவர் உண்டு. சாங்லி மாவட்டம் வாட்டேகாவில் 1920 ஆகஸ்ட் 1 அன்று மாங் சமூகத்தில் பிறந்த அண்ணாபாவ் சாத்தே பள்ளிக் கல்வி பெறாதவர். பம்பாய்க்குப் பிழைப்புத் தேடி வந்து பஞ்சாலைத் தொழிலாளியானார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் இணைந்து 'லால் பாவ்டா கலாபதக்' என்னும் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். பம்பாயை உள்ளடக்கிய மராட்டிய மாநிலத்திற்கான போராட்டக் காலத்தில், ஊரைவிட்டு நகருக்கு வந்த தொழிலாளியின் பிரிவுத் துயரை அவர் பாடலாக்கினார். முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். காட்கோபரின் சிராக் நகர் குடிசைப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்தார். 1969 ஜூலை 18 அன்று வறுமையில் இறந்தார்.

அவருக்கு இந்திய அஞ்சல் துறை தலை வெளியிட்டது 2002இல், இறந்து 33 ஆண்டுகளுக்குப் பின். மாஸ்கோவில் சிலை திறக்கப்பட்டது 2022இல், 53 ஆண்டுகளுக்குப் பின். வாழ்ந்தபோதும் அவர் தொழிலாளரிடையே புகழ் பெற்றவரே. ஆனால் அரசும் இலக்கிய நிறுவனங்களும் அவரை ஏற்றுக்கொள்ள அவருடைய மரணத்திற்குப் பின் ஒரு தலைமுறை தேவைப்பட்டது.

இத்தகைய கலைஞர்களைப் பம்பாயின் பஞ்சாலைகள் உருவாக்கியது தற்செயலன்று. கிராமத்தின் சாதி முறைமையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு ஆலை, கூலியாகப் பணத்தைத் தந்தது. ஆனால் சாதியை வாயிலில் நிறுத்திவிடவில்லை. அறுந்த நூலை வாயால் உறிஞ்சி ஓடத்தில் கோக்க வேண்டியிருந்ததால், எச்சில் தீட்டு எனக் கூறித் தீண்டப்படாதோரை நெசவுப் பிரிவில் சேர்க்க மற்றத் தொழிலாளர்கள் மறுத்தனர். நெசவே கூலி அதிகமுள்ள பிரிவு. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதனைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன் வைத்தார். முதலாளிக்கு எதிராகத் தோளோடு தோள் நிற்கச் சொன்ன சங்கம், தறிக்கு முன் தோளோடு தோள் நிற்க விடவில்லை. இந்தக் கசப்புதான் தலித் ஷாஹிர்களின் பாட்டில் தொடர்ந்து ஒலித்த சோகம்.

1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்களுடன் தொடங்கிய வேலைநிறுத்தத்திற்குப் பின் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. ஆலை நிலங்களில் அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் எழுந்தன. பாடுவோரை வளர்த்த தொழிலாளர் குடியிருப்புகள் சிதறின. கோக்ரே பாடியது அந்தச் சிதைவின் காலத்தில்.

இறந்தவர் ஏன் ஏற்கப்படுகிறார்?

'ஜெய் பீம் காம்ரேட்' படத்தின் பிற்பகுதியில் புனேயைச் சேர்ந்த கபீர் கலா மஞ்ச் கலைஞர்கள் வருகின்றனர். கோக்ரே விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கியவர்கள் அவர்கள். 2011இல் அவர்கள்மீது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியப்பட்டது. தலைமறைவாக இருந்த ஷீதல் சாத்தேயும் சச்சின் மாலியும் 2013 ஏப்ரலில் மும்பையில் சரணடைந்தனர். அதே குழுவின் சாகர் கோர்க்கே, ரமேஷ் காய்சோர், ஜோதி ஜக்தாப் ஆகியோர் பீமா கோரேகான் வழக்கில் 2020 செப்டம்பரில் கைதாகி, விசாரணை முடியாத நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தனர். தமிழ்நாட்டில் மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் 2015 அக்டோபரில் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டதை நாம் மறக்கவில்லை.

ஒரே பாட்டு மரபில் இறந்தவருக்கு விருதும் உயிரோடிருப்பவருக்குச் சிறையும் கிடைக்கின்றன. காரணம் எளிது. இறந்தவர் புதிய பாடல் எழுதமாட்டார். நாளைய கூட்டத்திற்கு வரமாட்டார். ஊதியம் கேட்கமாட்டார். சிலைக்கு மாலையிடும் அமைச்சரை நோக்கி எதிர்க் கேள்வி தொடுக்கமாட்டார். மரணம் அவருடைய சொல்லிலிருந்து ஆபத்தை நீக்கிவிடுகிறது. எஞ்சுவது அழகான சோகம். அந்தச் சோகத்தைச் சாதி ஆதிக்கச் சமூகமும் நிம்மதியாக ரசிக்க முடிகிறது.

லூதியானா இதற்கு இன்னொரு சான்று. பருத்திப் பின்னலாடைக்குத் திருப்பூர் எப்படியோ, கம்பளிப் பின்னலாடைக்கு லூதியானா அப்படி. அங்குத் தலித் குடும்பத்தில் பிறந்து துணி ஆலையில் வேலை பார்த்த அமர் சிங் சம்கீலா, தம் நாட்டுப்புற இசையால் பஞ்சாபிச் சிற்றூர்களைக் கவர்ந்தார். 1988 மார்ச் 8 அன்று மேசம்பூரில், தம் துணைவியும் உடன்பாடகியுமான அமர்ஜோத்துடனும் குழுவினர் இருவருடனும் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிகள் தண்டிக்கப்படவேயில்லை. 2024இல் வெளிவந்த திரைப்படம் அவர் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. சம்கீலா வாழும்போதே பஞ்சாபில் புகழ் பெற்றவர்தான். ஆயினும் அவருக்கும் நாடளாவிய கவனம் வந்துசேர 36 ஆண்டுகள் ஆயின.

தமிழ்ச் சூழலில் ஒரு மாறுபட்ட வாழ்வையும் ஒப்பிட வேண்டும். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுசென்ற கே.ஏ. குணசேகரன் 2016 ஜனவரி 17 அன்று மறைந்தார். ஹைதராபாத்தில் ரோகித் வெமுலாவை நாம் இழந்ததும் அதே நாளில்தான். குணசேகரன் தம் பாடல்களைத் தம் குரலிலேயே பதிவுசெய்தார். 'வடு' என்னும் தன்வரலாற்றை எழுதினார். நாடகங்களையும் ஆய்வு நூல்களையும் விட்டுச்சென்றார். பல்கலைக்கழகப் பணியும் மாத ஊதியமும் அதற்கு அடித்தளமாயின. கோக்ரேயையும் அவரையும் பிரிப்பது திறமையின் அளவன்று. ஒருவருக்குத் தம்மைத் தாமே பதிவுசெய்யும் வாய்ப்பு இருந்தது. மற்றவர் இன்னொருவரின் கேமராவை நம்பியிருக்க நேர்ந்தது.

தையல் இயந்திரமும் பறையும்

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து செல்கிறது. அவிநாசி, பல்லடம், தாராபுரம், காங்கேயம், உடுமலை, ஊத்துக்குளி வட்டங்களின் அருந்ததியர் குடியிருப்புகளிலிருந்து பெண்களும் ஆண்களும் கம்பெனி வேன்களில் வேலைக்குச் செல்கின்றனர். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் எனப் பிரிந்து நிற்கும் அந்த வேலையில் ஒன்றரை ஷிப்ட் என்பது இயல்பான நாள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஆர்டர் குறைந்த பாரத்தை முதலில் உணர்ந்தவர்களும் இவர்களே.

இதே குடியிருப்புகளில்தான் பறையும் உருமியும் ஜமாப்பும் வாழ்கின்றன. மாரியம்மன் கோயில் பூச்சாட்டிலும் கம்பத்தாட்டத்திலும் இசைப்பவர்கள், மறுநாள் காலை இயந்திரத்தின் முன் அமர்பவர்கள். நிகழ்ச்சிக்குச் சென்றால் ஷிப்ட் போய்விடும். ஷிப்டுக்குச் சென்றால் ஆட்டத்தில் ஆள் குறையும். கலையும் கூலியும் ஒன்றையொன்று தின்னும் நிலையில், பாட்டு கற்பிக்க மூத்தவருக்கு நேரமில்லை. கற்றுக்கொள்ள இளையவருக்கும் நேரமில்லை.

இதில் சாதியின் கணக்கு தனியாக ஓடுகிறது. தொழில் நவீனமாகிவிட்டதால் சாதி கரைந்துவிட்டது என்று கூறுவோர், 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என எழுந்த எதிர்ப்பை நினைவுகூரட்டும். ஏற்றுமதிச் சட்டையைத் தைக்கலாம். பள்ளிக் குழந்தைக்குச் சோறு சமைக்கக் கூடாது என்பதுதான் அந்த மனநிலை. பறைக்கும் இதே விதி. சாவு வீட்டில் அது கட்டாயமாகிறது. கல்லூரி விழாவில் அது 'தமிழர் பாரம்பரியம்' ஆகிறது. இரண்டு இடங்களிலும் அடிப்பவரின் பெயர் கேட்கப்படுவதில்லை.

பறையை விட்டொழிப்பதா, மீட்டெடுப்பதா என்று தலித் இயக்கத்திற்குள் நடந்த நெடிய விவாதம் இன்றும் பொருளிழக்கவில்லை. இழிதொழிலாகச் சுமத்தப்பட்டதைக் கைவிடும் உரிமை முதன்மையானது. கலையாக அதனை ஏந்த விரும்புவோரின் உரிமையும் அதற்கு இணையானது. இரண்டையும் ஒன்றாகப் பிணைப்பது விருப்பம் என்னும் சொல்தான். மறுக்க முடியாதவரின் இசை எவ்வளவு இனியதாயினும் அது அடிமை உழைப்பே. கட்டாய உழைப்புக்கு உட்படுத்துவதையும், பிணங்களை அகற்றவும் குழி தோண்டவும் வைப்பதையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் குற்றமென வரையறுக்கிறது. கூலியின்றியோ மிரட்டியோ பறையடிக்க வைப்பதைக் கட்டாய உழைப்பாகக் கொண்டு எதிர்க்க அச்சட்டத்தில் இடமுண்டு.

மராட்டியத்தின் மாங் சமூகத்திற்கும் தமிழகத்தின் அருந்ததியருக்கும் இடையே ஓர் ஒற்றுமை இருக்கிறது. அங்கு ஹல்கி என்னும் தோற்கருவியும் இங்குப் பறையும் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டவை. பட்டியலினத்திற்குள்ளும் பின்தங்கியதால் உள் ஒதுக்கீடு கோரியவை இரண்டு சமூகங்களும். அருந்ததியருக்கு 2009இல் தமிழ்நாடு சட்டம் வழங்கிய 3 விழுக்காட்டிற்கு அடிப்படையான உட்பிரிவு அதிகாரத்தை, உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று உறுதிசெய்தது. அண்ணாபாவ் சாத்தேயின் பிறந்த நாளும் அதுவே.

வாழும்போதே

மாற்றத்தின் அறிகுறிகள் இல்லாமலில்லை. 2024இல் கொங்கு மண்டலத்தின் வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்கும், 2025இல் அலங்காநல்லூரின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறையைக் கையில் ஏந்திய ஒருவர் உயிருடன் அந்த விருதைப் பெற்றது வரலாற்று நிகழ்வு. ஆனால் ஒருவருக்குக் கிடைத்த விருது, ஆயிரம் பேருக்குக் கிடைக்காத ஊதியத்தை ஈடுசெய்யாது. எனவே இந்த வட்டாரத்தில் இயங்கும் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் இன்றே தொடங்கக்கூடிய நான்கு பணிகள் உள்ளன.

முதலாவது, பெயர். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 38ஆ பிரிவு, தம் நிகழ்த்துதலுக்குத் தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் எனக் கோரும் உரிமையைக் கலைஞருக்கு அளிக்கிறது. 38அ பிரிவு, அதனைப் பதிவுசெய்யவும் பரப்பவும் அனுமதிக்கும் உரிமையை அவரிடமே வைக்கிறது. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். கைபேசியில் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுபவர், பாடியவரின் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதுவது சட்டமும் அறமும் கோரும் குறைந்த அளவு நேர்மை. பெயரை வெளியிட வேண்டாம் என்று கலைஞர் விரும்பினால் அதனையும் மதிக்க வேண்டும்.

இரண்டாவது, ஊதியம். கல்லூரி விழாவில் ஒலி, ஒளி அமைப்பாளருக்கு ரசீது போட்டுப் பணம் தரப்படுகிறது. பறைக் குழுவுக்குப் பொன்னாடையும் சாப்பாடும் தரப்படுகின்றன. விழாக் குழுவில் இருக்கும் மாணவர்கள் இதனை மாற்ற இயலும். இழக்கும் ஷிப்டின் கூலியும், பயிற்சிக்கான நேரமும், பயணச் செலவும் சேர்ந்ததுதான் ஒரு நிகழ்ச்சியின் விலை.

மூன்றாவது, பதிவு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினரானோருக்குக் கல்வி, திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கான உதவிகள் உண்டு. முதிய, நலிந்த கலைஞர்களுக்கு மாதாந்திர நிதியுதவித் திட்டமும் இருக்கிறது. சான்றிதழ்களும் அலுவலக நடைகளும் அறியாத கலைஞர் அவற்றை எட்டுவதில்லை. ஒரு விண்ணப்பத்தை நிரப்ப ஒரு மாணவருக்குச் சில மணி நேரம் போதும். அதற்குக் கம்பெனித் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, இயக்கங்களின் பொறுப்பு. கோக்ரேயின் கதையில் நாம் தவிர்க்க விரும்பும் பகுதி இது. பாடகரை மேடையின் தொடக்கத்தில் கூட்டம் சேர்க்க அழைத்து, தலைவர்கள் வந்ததும் இறக்கிவிடும் பழக்கம் எல்லா அமைப்புகளிலும் உண்டு. முடிவெடுக்கும் குழுவில் அவருக்கு இடமில்லை. நோய் வந்தால், வேலை போனால், கருத்து வேறுபாடு எழுந்தால், அவரைத் தேடிச் செல்லும் ஏற்பாடும் இல்லை. கலைக்குழுவினருக்கு மருத்துவத்திற்கும் வேலை இழப்புக்கும் ஒரு சிறு நிதி, அமைப்பில் வாக்குரிமை, மன நெருக்கடியில் துணை நிற்கும் தோழமை ஆகியவற்றை ஒரு நினைவு மலர் அச்சிடும் செலவுக்குள்ளேயே தொடங்கிவிடலாம்.

ஒரு கலைஞர் இறந்த பின் திரளும் கூட்டத்தின் அளவைக் கொண்டு நாம் அவரை எவ்வளவு நேசித்தோம் என்று மதிப்பிடுகிறோம். அவருடைய கடைசிப் பத்து ஆண்டுகளில் எத்தனை பேர் அவருடைய வாசலுக்குச் சென்றார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த மதிப்பீடு மாறக்கூடும். திருப்பூர் வட்டாரத்தின் குடியிருப்புகளில் நூற்றுக்கணக்கான பாடல்களை மனத்தில் வைத்திருக்கும் மூத்தோர் இன்றும் இருக்கின்றனர். சனிக்கிழமை சம்பளம் வாங்கித் திரும்பும் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு. அந்த ஒரு நாளில் அவர்களிடம் சென்று அமர்ந்து, அனுமதி பெற்று, பாடலையும் பெயரையும் எழுதத் தொடங்குவோம்.